செருப்புக்கு அடியில் போட்ட மார்க்

ஆம்பூர்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய குடியாத்தம் சம்பந்தி கோதண்டம் அவர்களுக்கு,

வீரபாகு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் மகள் ஹரிணி என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. உங்கள் வீடும் தறிகளும் குறையில்லாமல் ஓட வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் எதற்குத் தபால் என்று நினைப்பீர்கள். திங்கட்கிழமை காலை நம் இரண்டு குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கம்போல அன்றைய இங்கிலீஷ் சொல்லைப் போடப் போனேன், குரூப்பில் நானே இல்லை. "தேதி அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் போட்டிருந்ததை என் மனைவி ராஜம்மாளின் போனில்தான் படித்தேன்.

தப்பு என்மேல்தான். முப்பத்துநாலு வருஷம் தோல் கம்பெனியில் தரம் பிரித்தவன் நான். ஒவ்வொரு தோலையும் மடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத வேண்டும், தேறாததற்குப் பெருக்கல் குறி. ஓய்வு பெறும் நாளில் கைக்கடிகாரம் வரும் என்று இருந்தேன், மேனேஜர் ஒரு பழைய இங்கிலீஷ் அகராதியைக் கையில் வைத்தார். அன்றிலிருந்து இங்கிலீஷ்காரனே மறந்துபோன சொற்களைப் பொறுக்குவது என் பிழைப்பு. கார்ட்வெயினர் என்றால் புதுத் தோலில் செருப்பு தைப்பவர். ஸ்பெயின் தேசத்தில் கார்டோபா என்ற ஊர்த் தோலுக்கு அவ்வளவு பேர் இருந்ததாம், அதிலிருந்து வந்த சொல். அப்படியென்றால் ஆம்பூர் பேரில் ஏன் ஒரு சொல் இல்லை என்று குரூப்பில் கேட்டேன். நீங்கள் ஒருவர்தான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். அந்தத் தெம்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி குறிக்க நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பஜ்ஜித் தட்டு வந்ததும் அல்ட்ராகிரெப்பிடேரியன் என்று ஆரம்பித்தேன், ஞாபகம் இருக்கும். தனக்குத் தெரியாத விஷயத்தில் கருத்து சொல்கிறவன். லத்தீனில் 'செருப்பைத் தாண்டி' என்று பொருள். கிரேக்க தேசத்து ஓவியர் ஒருவர் வரைந்த படத்தில் செருப்பு சரியில்லை என்று ஒரு செருப்புத் தொழிலாளி சொன்னாராம், ஓவியரும் திருத்திவிட்டார். மறுநாள் அந்தத் தொழிலாளியே வந்து காலும் சரியில்லை என்றதும், "செருப்போடு நிறுத்திக்கொள்" என்றாராம் ஓவியர். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்து, "கரெக்ட்டுங்க, அவனவன் எல்லை அவனவனுக்குத் தெரியணும்" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியலை. காபிக்கு ராஜம்மாளை அவசரப்படுத்திட்டு வாசப்பக்கம் வந்தேன், அங்கே பதினோரு ஜோடி செருப்பு வரிசையா இருக்கு. சிலருக்கு மூக்குப்பொடி மாதிரி எனக்குச் சட்டைப் பையிலே சாக்பீஸ் எப்பவும் இருக்கும். உள்ளே நீங்கள்லாம் தையா பங்குனியான்னு பேசிட்டிருக்கீங்க, வெளியே என் கை தானா ஒண்ணொண்ணா எடுத்து மடிச்சு, அழுத்தி, அடியிலே எழுதிடுச்சு. பதினோராவது முடிஞ்சப்புறம்தான் என்ன செஞ்சேன்னே தெரிஞ்சது. அழிக்கலாம்னு துண்டை எடுக்கிறதுக்குள்ளே எல்லாரும் எழுந்து வந்துட்டீங்க.

கூட்டத்திலே யார் காலோ தட்டி உங்க செருப்பு கவிழ்ந்துச்சு, உங்க அக்கா ஜோதியம்மாதான் முதல்ல பார்த்தாங்க. "இன்னாடா தம்பி, உன் செருப்புல பெருக்கல் போட்டுக்குது?" அந்த நேரத்திலேயாவது நான் வாயை மூடியிருக்கணும். அது மேல்தோல் இல்லைங்க, மட்டமான அடித்தோல்மேலே பிளாஸ்டிக் பூசி உங்க தலையிலே கட்டிட்டான்னு விளக்கம் சொன்னேன். உங்க முகம் மாறினதும், "நான் செருப்பைத் தாண்டிப் போகலையே சம்பந்தி"ன்னேன். கதையை ரசிச்சவராச்சே, புரிஞ்சுப்பீங்கன்னு நினைச்சேன். வேன் கிளம்பிடுச்சு.

அன்னிக்கு ஹரிணி சொன்னதுதான் கடைசிப் பேச்சு: "நீ அவங்க செருப்புக்குப் பெருக்கல் போட்ட, அவங்க என் கல்யாணத்துக்குப் போட்டுட்டாங்க." அழக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை கார்முகிலனின் ஷூவை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. குதிகால் இரண்டு தடவை மாற்றித் தைத்தது, உள்ளே துடைத்துச் சுத்தமாக வைத்தது. ஒரு பொருளைத் தூக்கிப் போடாமல் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் பையன். ஒன்று என்று எழுதினேன். வேலையில் ஒன்று போட நான் யோசிக்காத நாள் கிடையாது, அன்றைக்கு யோசிக்கவில்லை. அவர் அதன்மேலேயே நடந்து போய்விட்டார்.

ஆகையால் பெரிய மனசு பண்ணி என்னைக் கழித்துவிடுங்கள், கல்யாணத்தைக் கழிக்காதீர்கள். சாக்பீஸ் பெட்டியைக் குப்பையில் போட்டாயிற்று, அகராதி பரண்மேல் ஏறிவிட்டது. இனி எவர் பொருளிலும் குறை சொல்லமாட்டேன் என்று ராஜம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஜோதியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீரபாகு.

பின்குறிப்பு: அன்று நீங்கள் எனக்குக் கொண்டுவந்த உங்கள் தறி லுங்கியை இன்றுதான் பிரித்தேன். அருமையான சரக்கு. ஆனால் மூன்றாவது கட்டத்தில் இரண்டு இழை விட்டிருக்கிறது, கரையிலும் ஓர் இடம். தறிக்காரரிடம் காட்ட உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அங்கங்கே வட்டம் போட்டு இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். சாக்பீஸ்தான் இல்லையே, ஹரிணியின் மார்க்கர் பேனாவால் போட்டிருக்கிறேன். துவைத்தாலும் போகாது.