மக்கலாம், ஆனால் மக்கக் கூடாது

வீட்டுக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் உன்னதத் திட்டம் அந்தத் தெருவுக்கு வந்து சேர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, தையல்கார அக்கா காய்கறித் தோலை ஓட்டை டிரம்மில் போட்டு உரமாக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் செய்த முதல் தவறு. அரசாங்கம் சொல்வதற்கு முன்னால் நல்ல காரியம் செய்வது அதிகப்பிரசங்கித்தனம்.

அந்த உரத்தில் வீட்டுப் பின்புறம் தக்காளி காய்த்துத் தள்ளியது. தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போனால் அங்கேதான் போய் நிற்பாள். அந்த நாலு செடிமேல் அவளுக்கு உயிர். புதிய விதிப்படி, உரச் சான்றிதழ் இல்லாத வீட்டில் செடி வளர்ந்தால் அது 'ஆதாரமற்ற செழிப்பு'. வேரோடு அகற்றப்படும்.

ஆய்வாளர் வந்து டிரம்மைத் திறந்தார். உள்ளே கருகருவென்று பொலபொலப்பாக உரம்.

"குப்பை எங்கம்மா?"

"இதுதான் சார்."

"இது மண்ணு. நான் கேட்டது குப்பை."

"மக்கிடுச்சு சார்."

"நாங்க பார்க்கிறதுக்கு முன்னாடியேவா? யாரைக் கேட்டு மக்குச்சு?"

ஆய்வாளர் கெட்டவரில்லை, பொறுமையாகவே விளக்கினார்.

"திட்டம் மக்கும் குப்பைக்கு. மக்கும்னா என்ன காலம்?"

"எதிர்காலம் சார்."

"உங்க டிரம்ல இருக்கிறது மக்கிய குப்பை. இறந்தகாலம். இறந்தகாலத்துல எங்க துறைக்கு அதிகாரமே கிடையாதும்மா."

மறு ஆய்வுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். மாடி வீட்டம்மா திரைச்சீலைக்குப் பொருத்தமான நிறத்தில் உரக்கூடை வாங்கி வரவேற்பறையில் வைத்திருந்தாள். விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆய்வுக்கென்றே ஆப்பிள் வாங்கித் தோல் சீவிப் போட்டிருந்தாள். "நாத்தம் வரும்னு மத்த நாள்ல எதுவும் போடுறதில்லை சார்" என்றாள். சான்றிதழ் உடனே கிடைத்தது.

அக்கா புதுத் தோல் போட்டுப் பார்த்தாள். டிரம் பழக்க தோஷத்தில் அதையும் கறுக்க வைத்தது. கடைசியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மஞ்சள் சாட்டினில் வாழைப்பழத் தோல், ஊதா நைலானில் வெங்காயச் சருகு, எல்லாவற்றுக்கும் ஓரம் அடித்து டிரம்மில் பரப்பினாள்.

"இப்பத்தாம்மா குப்பை குப்பையா இருக்கு" என்று ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். சான்றிதழைக் கொடுத்து, மக்கும் நிலை மாறிவிடாதபடி டிரம்முக்கு அரக்கு முத்திரையும் வைத்தார்.

தெருவே அக்காவிடம் துணித் தோல் தைக்கக் கொடுத்தது. மாடி வீட்டம்மா தன்னுடையதற்கு லேஸ் வைக்கச் சொன்னாள். வீட்டுக்கு வீடு முத்திரை விழுந்ததால், நிஜத் தோலை எல்லோரும் ஆளில்லாத நேரம் பார்த்துத் தெருமுனையில் கொட்டினார்கள். அக்காவும்தான். தைக்கவே நேரம் சரியாக இருந்தது. பின்புறத்துச் செடிகள் உரமும் தண்ணீரும் இல்லாமல் கருகின.

தெருமுனைக் குவியலை யாரும் ஆய்வு செய்யவில்லை. அதனால் அது தன் பாட்டுக்கு மக்கியது. மழை பெய்ததும் தக்காளி முளைத்துக் கொத்துக் கொத்தாகப் பழுத்தது.

ஆய்வாளர் லாரியோடு வந்து தெருக்காரர்களை வரவழைத்தார்.

"இது யாரு போட்டது?"

"எங்க வீட்டுக் குப்பை வீட்டுலயே இருக்கு சார்" என்று ஒவ்வொருவரும் சான்றிதழை நீட்டினார்கள்.

அக்காவின் முறை வந்தது. காம்போரம் மஞ்சள் வரி ஓடும் அந்தத் தக்காளி, தெருவில் அவள் வீட்டில் மட்டும்தான் காய்த்தது. உண்மையைச் சொன்னால், செடியே இல்லாத தோட்டத்துக்கு அவள் வாங்கிய சான்றிதழ் பறிபோய்விடும்.

"என்னுது இல்லை சார்."

செடிகளைப் பழத்தோடு பிடுங்கி லாரியில் எறிந்தார்கள். தெரு சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியது அக்கா.