மாப்பிள்ளைக்கு விருந்தினர் வைஃபை கொடுத்த விவகாரம்

கோவில்பத்து,
காரைக்கால்.

மதிப்பிற்குரிய சம்பந்தி சோமசேகரன் அவர்களுக்கு, திருஞானசம்பந்தம் கைகூப்பி எழுதுவது. குரும்பகரத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருக்க வேண்டும், நடவு நல்லபடி முடிந்திருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. இந்த ஒரு தடவை அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் என் குரல் உயரும், பிறகு தங்கள் குரலும் உயரும் என்பதால்தான் கடிதம்.

மாப்பிள்ளை கதிரவன் என் லாரி ஆபீஸிலிருந்து மனம் நொந்து தங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவு மரியாதையுள்ள பிள்ளை. நானே சொல்கிறேன். சென்னைக் கம்பெனி வேலையை இங்கிருந்தே கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று என் மகள் நித்யஸ்ரீயோடு வந்தவர், ஆபீஸில் டிரைவர், புரோக்கர், சரக்கு அனுப்ப வருகிறவர் எல்லோரும் ஒரே வைஃபையில் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். அன்றைக்குத்தான் யாரோ ஒருவர் தன் போனில் எதையோ அழுத்தப்போய், எங்கள் பிரிண்டரிலிருந்து அவர் மகளின் ஜாதகம் வெளியே வந்திருந்தது. லோடு ரசீது என்று நினைத்து நான் அதில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உடனே மாப்பிள்ளை வைஃபையை இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்கு 'அலுவலகம்' என்று பெயர். பில் போடும் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் அதில். இன்னொன்று 'விருந்தினர்', அதில் இன்டர்நெட் மட்டும், அதுவும் நிதானமாகத்தான் வரும். "வந்தவங்க கூடத்துல உக்காந்துட்டுப் போகட்டும் மாமா, பீரோ பக்கம் வரவேண்டாம்" என்றார். அலுவலகத்தின் பாஸ்வேர்டை எங்கள் கிளார்க் இசபெல்லாவையே வைக்கச் சொல்லி, மாமாவைக் கேட்காமல் யாருக்கும், தனக்குக்கூட, சொல்லக் கூடாது என்றும் சொன்னார். எல்லாம் சரிதான். ஆனால் விருந்தினர் என்ற சொல்லைக் கேட்டதும் என் புத்தி முதல் பந்திக்குப் போய்விட்டது.

நாலு நாள் கழித்து அவருக்குக் கம்பெனி வீடியோ மீட்டிங். "மாமா, புது லேப்டாப்ல போடணும், இசபெல்லாகிட்ட ஆபீஸ் பாஸ்வேர்டு குடுக்கச் சொல்லுங்க" என்றார். டிரைவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள், மாப்பிள்ளையின் கௌரவத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டாமா? "உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை ஆபீஸ்? நீங்க விருந்தாளியாச்சே. இசபெல்லா, அவருக்கு விருந்தினரையே போட்டுக் குடு" என்றேன். அவரும் "சரிங்க மாமா" என்றார். அந்த வைஃபையில் டிரைவர்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்டிங்கில் மாப்பிள்ளையின் முகம், கண்ணை மூடி வாயைத் திறந்த நிலையில், மேலதிகாரிகள் முன்னால் அப்படியே நின்றுவிட்டதாம். லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானே மாமா, நான் வந்து அதுக்கு மேலேயே ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். சாப்பிடவும் இல்லை.

சம்பந்தி, எனக்கு ஆண்பிள்ளை இல்லை. அன்றைக்குச் சாயங்காலம்தான் இந்த ஆபீஸை அவர் பொறுப்பில் விடுவதாகச் சொல்ல இருந்தேன். வீட்டுப் பிள்ளையாக நினைத்த மனிதரை நாலு பேர் முன்னால் விருந்தாளி என்று சொல்லிவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. நித்யஸ்ரீ என்னிடம் பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தப்பு முழுக்க என்னுடையது. மன்னிப்புக் கேட்கிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி மாப்பிள்ளையை அனுப்பி வைக்க வேண்டும். டிரைவர் மார்ட்டினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவருக்கு ஒரு வாய் மோர் கொடுக்கவும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
திருஞானசம்பந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், அலுவலகத்தின் பாஸ்வேர்டை மாப்பிள்ளைக்கு அனுப்பச் சொல்லி என் போனை இசபெல்லாவிடம் நீட்டினேன். அவள் தயங்கித் தயங்கி, "சார், உங்க போனே விருந்தினர்லதான் இருக்கு. கதிரவன் சார்தான் மொத நாளே போட்டாங்க. வர்ற லிங்கையெல்லாம் நீங்க தொடுறீங்களாம், உள்ள விட்டா பில் கம்ப்யூட்டருக்கு ஆபத்தாம். உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படும்னு சொல்ல வேணாம்னுட்டாங்க" என்றாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவர் வந்து என்னிடம் கேட்கட்டும். ஆபீஸை அவரிடம் ஒப்படைப்பதில் மட்டும் மாற்றமில்லை. என்னையே உள்ளே விடாத மனிதர், வேறு யாரை விட்டுவிடப் போகிறார்.