பாதி அரைத்த மருந்து

செம்மண்டலம், கடலூர்
20.2.2012

மரியாதைக்குரிய மச்சான் ராபர்ட் அவர்களுக்கு, உங்கள் அக்காள் பிரிசில்லாவின் கணவன் ஆரோக்கியராஜ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. சிதம்பரத்தில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அக்காளிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் வேலை பார்க்கும் காலேஜில்தானே நம்ம அனுப்பிரியா எம்.பார்ம் படிக்கிறாள். தண்ணீரில் கரையவே கரையாத ஒரு மருந்தைக் கரைய வைப்பதுதான் அவள் ப்ராஜெக்ட். மாவுச்சத்திலிருந்து எடுத்த ஒரு பவுடரோடு அதைச் சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரம் விடாமல் அரைக்க வேண்டுமாம். அந்தப் பவுடர் கண்ணுக்குத் தெரியாத வளையமாம். மருந்து அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டால் கரையவும் செய்யும், சீக்கிரம் கெட்டும் போகாது. பொங்கல் லீவில் வந்தவள் மருந்து அரைக்கும் கலுவத்தை என் முன்னால் வைத்து, "அப்பா, கொஞ்சம் அரைச்சித் தரீங்களா?" என்றாள். "குடும்மா இப்பிடி! முப்பது வருஷம் கம்பவுண்டரா அரைச்ச கை இது" என்று வாங்கிக்கொண்டேன். ரிடையர் ஆன பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை மச்சான், அந்த வேகம்.

இருபது நிமிஷம் அரைத்தேன், சத்தியமாக அரைத்தேன். அப்போது பக்கத்து வீட்டுப் பழனிவேல் வந்து, "அண்ணே, புயல்ல சாஞ்ச வேப்பமரத்த அறுக்கிறாங்க, வரீங்களா?" என்றான், மரம் அறுப்பதில் பார்க்க என்ன இருக்கிறது, ஆனாலும் போனேன், போன இடத்தில் கயிற்றை இப்படிக் கட்டு, அப்படிக் கட்டு என்று நான் யோசனை சொல்ல, மரம் பழனிவேல் வீட்டுக் கக்கூஸ் மேலேயே விழ, அந்தப் பஞ்சாயத்து முடிந்து வீட்டுக்கு வந்தால் கலுவத்தில் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. "எவ்ளோ நேரம்ப்பா அரைச்சீங்க?" என்றாள் அனு. "ஒரு மணி நேரம்மா, கை ஒடிஞ்சி போச்சி" என்றேன். இந்த வாய் புழுத்துத்தான் போகும்.

போன வாரம் சோதனையில் மருந்து கரையவில்லை, கல்லு மாதிரி கிடந்ததாம். முதலிலிருந்து செய் என்று அவள் சார் சொல்லிவிட்டாராம். ஆறு மாச உழைப்பு மச்சான்! "எங்க தப்பு செஞ்சேன்னே தெரியலப்பா" என்று போனில் அழுகிறாள். எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது, சோறு இறங்கவில்லை. நீங்கள் சாரைப் பார்த்து, பொண்ணு மேல தப்பில்ல, அப்பன்தான் புளுகிட்டான் என்று சொல்லிவிடுங்கள். அவர் என்ன திட்டினாலும் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அது பலிக்கும் அளவுக்கு எனக்கு யோக்கியதை இருந்தால்.

தலை நிமிராத
ஆரோக்கியராஜ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அனு போன் செய்தாள். கரண்டு போய்ப் போய் வந்ததில், மருந்து கரைகிறதா என்று சோதிக்கும் மெஷின்தான் சரியாகச் சுற்றவில்லையாம். மறுபடி பார்த்ததில் பத்தே நிமிஷத்தில் கரைந்துவிட்டதாம். ஆகவே சாரிடம் போக வேண்டாம். சந்தோஷத்தில் நான் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சிரித்தாள். "அது மருந்தே இல்லப்பா, வெறும் ஸ்டார்ச் மாவு. நெஜத்த நான் லேப்லயே அரைச்சிட்டேன். நீங்க சும்மா ஒக்காந்திருக்கறதப் பாக்கக் கஷ்டமா இருந்திச்சி, அதான் குடுத்தேன்" என்றாள். அந்த மாவையாவது முழுசாக அரைத்திருக்கலாம் மச்சான்.