சுண்ணாம்புச் சத்து

ஹர்த்தினி வழுக்கி விழுந்ததற்குக் காரணம் ஈரத் தரை. தரையை ஈரமாக்கியவள் அவளுடைய நாத்தனார் முர்யாத்தி. கை கழுவுகிறேன் என்று ஹர்த்தினியின் சாப்பாட்டுக் கடை நடுவில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துடைக்கக்கூடச் சொல்லாமல் சப்பணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். இருந்தும், ஹர்த்தினியின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு காய்வதற்குள், சோலோ நகரத்தின் அந்தத் தெரு வேறு தீர்ப்பு எழுதிவிட்டது. பால் குடிக்காததால் எலும்பு முறிந்ததாம்!

தீர்ப்பை எழுதியவளும் முர்யாத்தியே. பால்பவுடர் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியா? பால் வேண்டாம், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம்னு இலையும் தழையுமா தின்னா எலும்பு அப்பளமாத்தான் போகும்."

"வழுக்கி விழுந்தேன் அக்கா. பால் குடிச்சவளா இருந்தா அந்தரத்துலயே நின்னுருப்பேனா?"

"விழுந்திருப்பே. ஆனா உடைஞ்சிருக்காது. போன மாசம் ஆஸ்பத்திரியில என் இடுப்பைப் படம் எடுத்தாங்களே, இருபது வயசுப் பொண்ணுக்குக்கூட எலும்பு இவ்வளவு கெட்டியா இருக்காதுன்னு கம்ப்யூட்டரே சொல்லுச்சு. எல்லாம் இந்த டப்பாதான்."

தெரு முழுக்க அந்த டப்பாவை விற்றுக்கொண்டிருப்பவளும் அவள்தான். ஹர்த்தினிக்கு உடைந்த கையாலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

அவமானம் அவளோடு போயிருந்தால் பொறுத்திருப்பாள். ஆனால் கடை போய்விடும் போலிருந்தது. பால், முட்டை, மீன், இறால் விழுது எதையும் உள்ளே விடாத வீகன் கடை. கன்றுக்குட்டிக்குச் சுரப்பதைப் பிடுங்கிக் குடிக்க மாட்டேன் என்று ஒரு வைராக்கியத்தில் தொடங்கி, எட்டு வருடமாகத் தனியாளாக நின்று நடத்துகிறாள். கணவன் வார்சித்தோவின் தையல் வேலை படுத்துவிட்ட பிறகு வீட்டில் உலை கொதிப்பதும் அதனால்தான்.

தினம் சாப்பிட வருபவர்களில் முதலில் கழன்றுகொள்ளப் பார்த்தவன் சந்தையில் மூட்டை தூக்கும் பார்ஜோ.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சமைக்கிற உங்களுக்கே எலும்பு நிக்கல. நான் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன்."

அன்று மாலையே ஹர்த்தினி ஒரு பலகை எழுதி மாட்டினாள். 'எங்கள் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து மிகுதி.'

பார்ஜோ எழுத்துக்கூட்டிப் படித்தான். "அக்கா, சுண்ணாம்பு வெத்தலைக்குச் சரி. சோத்துக்கு எதுக்கு?"

"சுண்ணாம்பு இல்லப்பா, சுண்ணாம்புச் சத்து! எலும்புக்கு அதுதான் வேணும். டோஃபுல நிறைய இருக்கு."

"டோஃபுக்குள்ள எப்படிப் போச்சு?"

"சோயாப் பாலை உறைய வைக்க ஒரு கல்லைப் பொடிச்சுப் போடுவாங்க. அதுலதான் சத்தே இருக்கு."

"கல்லா!"

அவ்வளவுதான். ஹர்த்தினி குழம்பில் கல்லையும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையும் கலக்கிறாள் என்று செய்தி சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. "அதான் அவ சட்னி இவ்வளவு வெள்ளை" என்று ஒருத்தி சாட்சியே சொன்னாள். அது தேங்காய்ச் சட்னி. வேறு என்ன நிறத்தில் இருக்கும்?

பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தாள் ஹர்த்தினி. இனி பேச்சு வேண்டாம், சமைத்துக் காட்டுவோம் என்று முடிவு செய்தாள். அவள் பிறந்தது மதுராத் தீவில். அங்கே முருங்கைக்கு மரொங்கி என்று பெயர்; நாள் தவறாமல் சாப்பிடுவார்கள். சுண்ணாம்புச் சத்துக்கு அதை அடிக்க வேறு கீரை ஏது? பின்வேலியில் கைகொள்ளாத அளவுக்கு உருவி வந்து, ஒரு பெரிய பானை கீரைச்சாறு வைத்தாள்.

பார்ஜோ பானைக்குள் எட்டிப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அக்கா, யாரு செத்தது?"

சோலோவில் முருங்கை இலை அடுப்புக்குப் போவது அபூர்வம். பிணத்தைக் குளிப்பாட்டத்தான் போகும். கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் இது ஹர்த்தினிக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் மறந்துவிட்டது. பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முர்யாத்தி உள்ளே வந்தாள். ஹர்த்தினி வீம்பாக ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"நீங்களாவது ஒரு வாய் குடிச்சுப் பாருங்க அக்கா."

"ஐயோ, கிட்ட கொண்டு வராதே!"

முர்யாத்தி ஒரே தாவலில் தெருவுக்குப் போய்விட்டாள். அங்கே நின்றபடி மூச்சு வாங்கியவள், கூட்டம் கூடியதும் குரலை உயர்த்தினாள்.

"இப்பதான் புரியுது! இவ ஏன் முருங்கை திங்கிறா? உடம்புல சுசுக் வெச்சிருக்கா. அதைக் கழட்டத்தான் திங்கிறா!"

மந்திரித்த தங்க ஊசியைத் தோலுக்கடியில் செருகிக்கொண்டால் பார்க்கிறவர்கள் மயங்குவார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. அதுதான் சுசுக். முருங்கைக்கீரை உள்ளே போனால் அந்த ஊசி செத்துவிடும் என்பதும் அதே நம்பிக்கைதான்.

"ராஜா மாதிரி இருந்த என் தம்பி, எங்கேயோ தீவுல கிடந்த இவளைப் பார்த்த உடனே ஏன் போய் விழுந்தான்? இதுக்குத்தான்!"

தெரு "ஆமாமா" என்றது. என்ன அநியாயம் இது! எலும்பில் தொடங்கிய பேச்சு பெண்பிள்ளையின் நடத்தையில் வந்து நின்றது. அதன் பிறகு கடைப் பக்கம் ஒரு தலையும் தெரியவில்லை. வெந்த சோறு அப்படியே ஆறிப்போனதைப் பார்க்க ஹர்த்தினிக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் பால் குடிக்காததுதான் காரணம் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் வார்சித்தோ தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தினி, நான் கோவிச்சுக்க மாட்டேன். எங்கே வெச்சிருக்கே?"

"எதை?"

"ஊசியை."

ஹர்த்தினி எழுந்து நின்றாள். "இத்தனை வருஷமா உங்க சட்டையை நான் துவைக்கிறேன். மயக்குற ஊசி என்கிட்ட இருந்தா, நீங்கதானே என் துணியைத் துவைச்சிருக்கணும்? கிளம்புங்க!"

"எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு. உங்க அக்கா படம் எடுத்த அதே மிஷின்ல நானும் படுக்குறேன். எலும்பு இருந்தா எலும்பு தெரியட்டும், ஊசி இருந்தா ஊசி தெரியட்டும். ரெண்டையும் நீங்களே பார்த்துட்டு வந்து தெருவுல சொல்லுங்க."

படம் எடுத்த பெண் சின்னவள். நல்ல சிரித்த முகம். திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"வயசுக்கு ஏத்த எலும்புதாம்மா. ஒரு குறையும் இல்ல. அப்படி விழுந்தா யாருக்கும் கை உடையும்."

"ஊசி ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள் ஹர்த்தினி.

"ஊசியா? ஒண்ணும் இல்லையே."

ஹர்த்தினி கணவனைப் பார்த்த பார்வையில் அவன் தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினான். ஜெயித்தாயிற்று. ஆனால் மனம் ஆறவில்லை.

"அது என்னம்மா, வயசுக்கு ஏத்த எலும்பு? என் நாத்தனார் முர்யாத்தி என்னைவிடப் பெரியவங்க. அவங்களுக்கு மட்டும் இருபது வயசு எலும்புன்னு இதே மிஷின் சொல்லியிருக்கு. கீரை தின்ன நான் இளப்பமா? அப்போ அந்தப் பால் டப்பாதான் ஒசத்தியா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கையால் மூடி, வார்சித்தோவை ஒரு முறை பார்த்துவிட்டு, ஹர்த்தினியின் காதருகே குனிந்தாள். குரல் என்னவோ அவனுக்கும் கேட்டது.

"அவங்க இடுப்புல இருக்கிற ஏழு தங்க ஊசியையும் எங்க மிஷின் எலும்புன்னு சேர்த்து எண்ணிடுச்சும்மா, அடுத்த தடவை கொஞ்சம் முருங்கைக்கீரை குடுத்துக் கூட்டிட்டு வாங்க."