ஆகாசக் கப்பலில் வருகிறேன்

தந்தி வந்தபோது வேலாயுதம் ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டியிருந்தார். "அம்மாவுக்குக் காய்ச்சல், கவலைக்கிடம். உடனே புறப்படு." அவ்வளவுதான். மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எட்டாம் நம்பர் வீட்டில் அன்று காலை யாரும் பலகாரத்தைத் தொடவில்லை.

நாகப்பட்டினம் போகும் கப்பல் நாளை மறுநாள் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து கிளம்ப இருந்தது. ஏழு நாள் பயணம். மனிதர் பேசாமல் அதில் ஏறித் தொலைத்திருக்கலாம். ஆனால் ரயில்வே ஸ்டோரில் அவருக்குப் பக்கத்து மேசையில் தம்புசாமி உட்கார்ந்திருந்தானே!

"ஏழு நாளா? அதுக்குள்ள பெரியம்மா..." என்று இழுத்தான் தம்புசாமி. "அண்ணே, பினாங்குலேர்ந்து ஆகாசக் கப்பல் போகுது லா. ரெண்டே நாள்ல கல்கத்தா. அங்கேர்ந்து ரயிலு. முப்பத்தேழாம் வருஷத்துல இருந்துகிட்டு இன்னும் கப்பல்னு சொல்றீங்களே!"

பினாங்குக்குப் போக ரயிலில் ஒரு நாள், கல்கத்தாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலில் மூன்று நாள் ஆகும், கூட்டிக் கழித்தால் ஒரு நாள்தான் மிச்சம் என்று தம்புசாமி சொல்லவில்லை, வேலாயுதமும் யோசிக்கவில்லை. அம்மாவின் முகத்தை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் மனசில் இருந்தது. பதினோரு வருஷமாகப் பணம் அனுப்பினார், போட்டோ அனுப்பினார், தான் மட்டும் போகவே இல்லை. அந்த உறுத்தல்தான் அவரை டவுனில் இருந்த விமான டிக்கெட் ஏஜெண்டின் ஆபீசுக்கு விரட்டியது.

அங்கே ரெங்கசாமி என்ற கிளார்க், கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டச்சுக்காரன் கம்பெனியா, இங்கிலீஷ்காரன் கம்பெனியா சார்?"

"என்ன வித்தியாசம்?"

"டச்சுக்காரன் வேகம். இங்கிலீஷ்காரன் கொஞ்சம் நிதானம், ஆனா ராத்திரி இறக்கி பெரிய ஓட்டல்ல படுக்க வைப்பான். ரெண்டு பேருமே சாப்பாடு குடுப்பாங்க, காதுல வச்சுக்கப் பஞ்சும் குடுப்பாங்க. எல்லாம் டிக்கெட்லயே அடக்கம்."

"டிக்கெட் எவ்வளவு?"

"கல்கத்தாவுக்கு முந்நூத்தி நாப்பது வெள்ளி."

வேலாயுதத்தின் மாதச் சம்பளம் எழுபது வெள்ளி. கப்பலில் டெக்கில் படுத்துக்கொண்டு போனால் முப்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும். அந்தப் பஞ்சு என்ன தங்கத்தில் நெய்ததா என்று கேட்க வாய்வரை வந்தது. டையைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"வேகமா போறவன்லயே, வர்ற வியாழக்கிழமைக்கு ஒரு சீட் போடுங்க" என்றார். அந்தச் சூட்டோடு தபால் ஆபீசுக்குப் போய் ஊருக்குத் தந்தியும் அடித்தார்: "ஆகாசக் கப்பலில் வருகிறேன்."

டிக்கெட்டுக்குப் பணம் எங்கே என்று அதற்குப் பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. மனைவி புஷ்பவல்லி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்ததில் பாதிதான் தேறியது. மீதிக்குத் தம்புசாமி குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடாகப் படியேறினான். மலாயா ஜனங்களுக்கு நல்ல மனசு. எல்லாரும் கொடுத்தார்கள். வெள்ளியோடு ஆளுக்கு ஒரு பொட்டலமும் கொடுத்தார்கள்.

"கும்பகோணத்துல என் தங்கச்சிகிட்ட குடுத்துடுங்கண்ணே. ஒரு கம்பளி, நாலு சவுக்காரம், ஆறு தைலம். அவ்ளோதான்" என்றாள் பக்கத்து வீட்டு இராஜம்மா. இப்படி ஒன்பது வீட்டு 'அவ்ளோதான்' கூடத்தில் குவிந்தது. அந்தக் குவியலுக்கு நடுவில் நாகப்பட்டினம் கப்பல் கிளம்பிப் போன சங்குச் சத்தம் கேட்க வழியில்லை. கேட்டிருந்தால் வேலாயுதம் அழுதிருப்பார்.

பணத்தைக் கட்டப் போனபோதுதான் ரெங்கசாமி சாவகாசமாகச் சொன்னான். "ஏத்துறதுக்கு முன்னாடி ஆளையும் நிறுப்பாங்க சார். ஆளும் சாமானும் சேர்ந்து இருநூத்தி இருபது பவுண்டு. அதுக்கு மேல போனா, பவுண்டுக்கு இவ்வளவுன்னு தனிக் காசு."

தனிக் காசுக்கு எங்கே போவது? ரயில்வே பார்சல் ஆபீசின் பெரிய தராசில் பொட்டலங்களோடு ஏறி நின்றார். இருநூற்று முப்பத்தாறு.

"பொட்டலத்தைத் திருப்பிக் குடுத்துடுங்களேன்" என்றாள் புஷ்பவல்லி.

"வெள்ளியை வாங்கிகிட்டுப் பொட்டலத்தைத் திருப்பிக் குடுக்கவா? மூஞ்சில முழிக்க முடியுமா?"

பொட்டலம் இளைக்காது, ஆகவே அவர் இளைப்பது என்று முடிவாயிற்று. சீட்டை அடுத்த வியாழனுக்குத் தள்ளி வைத்தார். காலையில் கஞ்சித் தண்ணீர், மாலையில் வெந்நீர். தாய் அங்கே கிடக்கிற கிடைக்கு இவர் பட்டினி கிடப்பது முறைதான் என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள்.

"தள்ளிப்போச்சுன்னு ஊருக்கு இன்னொரு தந்தி அடிச்சுடுங்க" என்றாள் புஷ்பவல்லி.

"பறக்கிறேன்னு சொன்னவன் பறக்கலைன்னு சொன்னா ஊரு சிரிக்கும். போய் எறங்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

ஊரிலிருந்தும் மறு தந்தி வரவில்லை. அதுதான் அவருக்கு ஒரே தெம்பு. ஏதாவது ஆகியிருந்தால் அடித்திருக்க மாட்டார்களா? ஒவ்வொரு நாளும் தபால்காரன் சைக்கிள் எட்டாம் நம்பரைத் தாண்டிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாண்டியதும் சுவாமி படத்துக்கு ஒரு கும்பிடு போடுவார்.

புதன்கிழமை வந்தது. பினாங்கு ரயிலைப் பிடிக்குமுன் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று பொட்டலங்களோடு பார்சல் ஆபீஸ் தராசில் ஏறினார். ஒன்பது நாள் பட்டினி தன் வேலையைக் காட்டியது. கண் இருட்டியது. தராசின் மேலேயே சுருண்டு விழுந்தார்.

தம்புசாமி பதறி ஓடிவந்தான். ஆனால் கண் முதலில் போனது முள்ளின் மேல்தான்.

"அண்ணே! இருநூத்தி இருபது! கரெக்டா இருக்கு லா!"

அவருக்கு நினைவு திரும்பியபோது ரயில் போயிருந்தது. ரயில் போனதால் விமானமும் போனது. வராத பிரயாணிக்குப் பாதிப் பணம்தான் திரும்பும் என்று ரெங்கசாமி டையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

மறு வாரம் வேலாயுதம் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. முப்பது வெள்ளிக்குள் டெக் டிக்கெட் ஒன்று எடுத்துக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய் நின்றார். சட்டை தோளில் தொங்கியது. இன்னும் ஏழு நாள், அம்மா, இன்னும் ஏழே நாள் பொறுத்துக்கோ என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அதே காலையில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அதில் அய்யாவு இறங்கினார். கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருப்பவர், வேலாயுதத்தின் ஊர்க்காரர், இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்புகிறார். வேலாயுதத்தைக் கண்டதும் கையிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி! நீ எப்ப எறங்கினே?"

"நான் ஏறவே இல்லண்ணே. இப்பத்தான் கப்பலுக்குப் போறேன். அம்மா எப்படி இருக்காங்க?"

அய்யாவு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உன் சித்தப்பா மகன்தான் கொள்ளி வச்சான். நீ மேல பறந்துகிட்டிருக்கே, தந்தி எங்கே அடிக்கிறதுன்னு விட்டுட்டாங்க."

வேலாயுதம் அங்கேயே மூட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சல் அவ்வளவு முத்திடுச்சாண்ணே?"

"காய்ச்சலா? அது உன் தந்தி வந்த அன்னிக்கே விட்டுப்போச்சு தம்பி. 'எம்புள்ள பத்திரமா தரையில காலு வைக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி தொடமாட்டேன்'னு மாரியாத்தாளுக்கு நேர்ந்துகிட்டு உக்காந்தாங்க பாரு, அதுலதான் போனாங்க."