கரண்டுபாட்டு அண்ணன் கேட்காத பாட்டு

உலகத்தில் இசை விமர்சகர்களுக்குப் பஞ்சமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. கச்சேரிக்கே போகாமல் எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு பாட்டின் ஆரம்பத்தைக்கூடக் கேட்காமல், பாட்டுகளின் வாலை மட்டும் கேட்டு, வருஷக்கணக்கில் விடாமல் விமர்சனம் எழுதிய ஒரே மனிதர் எங்கள் உதியன்குளங்கரை கரண்டுபாட்டு அண்ணன்தான். சந்தேகப்படுகிறவர்கள் அவர் எழுதியதைப் படித்துப் பார்க்கலாம் என்று சொல்ல ஆசை. முடியாது. எங்கள் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகை மாசத்துக்கு ஒரே பிரதிதான் வரும். திருட்டுப் போகாமலிருக்க அதை மேஜைக் காலில் சரடு போட்டுக் கட்டியிருந்தோம். பின்னாளில் பத்திரிகையைக் கரையான் தின்றது, சரடு மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்தப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர். அறிவுக்காக அல்ல, கையெழுத்துக்காக.

அண்ணனுக்கு ரேஷன் கார்டில் ஒரு பேர் இருந்தது. அதை அவர் அம்மைகூட மறந்துவிட்டாள். வயலினும் மிருதங்கமும் இல்லாமல், மிஷினில் கரண்டைப் பிடித்து உலுக்கி எடுக்கிற வெளிநாட்டுப் பாட்டுதான் அவருக்கு உயிர். சிந்தசைசர் என்ற சொல்லை எங்கள் வட்டாரத்தில் முதன்முதலாக எழுதியவர் அவர். நான் பிழை என்று நினைத்து அடித்துவிட்டேன், சண்டைக்கு வந்தார்.

"தபேலா அடிக்கியவனுக்குக் கை வலிக்கும். வலிச்சா தாளம் தப்பும். கரண்டுக்குக் கை உண்டா? கரண்டு பொய் பறையாது, கேட்டியா?" என்பார்.

எங்கள் ஊரில் கரண்டு பொய் சொல்லாதுதான். வந்தால்தானே சொல்வதற்கு?

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்றால், அதற்குக் காரணம் அரசாங்கம். பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த இடம் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தது. கிடைத்தவர்கள் எல்லோரும் வாசல்படிவரை மரச்சீனி நட்டார்கள். அண்ணன் இரண்டு தென்னைகளுக்கு நடுவே பத்து சென்டுக்கும் குறுக்காக ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். ரேடியோவுக்கு ஏரியல்.

"எலே, மரச்சீனி நட்டா கெழங்கு வரும். கம்பி நட்டா என்னலே வரும்?" என்று அம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜெர்மனி வரும்மா."

வந்தது. இரைச்சலுக்கு நடுவே சிற்றலையில் அவ்வப்போது ஜெர்மனி வந்து 'டுய்ங் டுய்ங்' என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அம்மையோ, தென்னைக்குத் தென்னை கட்டிய கம்பி துணி உலர்த்தத்தான் என்று முடிவு செய்துவிட்டாள். ஈரச் சேலை விழுந்த கணம் ஜெர்மனி அறுந்துபோகும். "அம்மா, சேலையை எடு, ஐரோப்பா நிக்குது!" என்று அண்ணன் அலறுவதைக் கேட்டபடிதான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும்.

பிறகு கல்ஃப் காலம் வந்தது. வீட்டுக்கு ஒருவன் சார்ஜா, தோஹா என்று போனான். எழுதச் சோம்பல்படுகிறவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, லீவில் வருகிறவன் கையில் கொடுத்தனுப்புவார்கள். வெறும் கேசட்டுக்குக் காசு செலவழிக்க நம் ஆட்களுக்கு என்ன பைத்தியமா? வேலையிடத்து வெள்ளைக்கார எஞ்சினீயர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன பாட்டுக் கேசட்டை எடுத்து, மேலே உள்ள ஓட்டையில் காகிதத்தைத் திணித்து அடைத்து, பாட்டின் மேலேயே பேசிவிடுவார்கள். "அம்மா, முட்டுவலி எப்படி உண்டு? பசு கன்னு போட்டுதா?" என்று ஆரம்பித்து, "செரி, எல்லாருக்கும் எனக்க அன்பு" என்று குரல் முடியும். 'கடக்' என்று ஒரு சத்தம். உடனே வெள்ளைக்காரனின் மிச்சப் பாட்டு நடுவிலிருந்து பாயும்.

வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும் அந்த நிமிஷத்துக்காகத்தான் அண்ணன் மூலையில் காத்திருப்பார்.

எந்த வீட்டுக்குக் கேசட் வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வேலை பார்த்தது ஜங்ஷன் மாவு மில்லில். புட்டுக்கு அரிசியும் குழம்புக்கு மிளகாயும் அரைக்க வராத வீடு உண்டா? "கேசட் வந்நா?" என்பதுதான் முதல் கேள்வி. "வந்துது" என்றால் அடுத்த கேள்வி: "கடைசியிலே பாட்டு உண்டா?" உண்டு என்றால் அந்த வீட்டுப் பாத்திரம் வரிசையைத் தாண்டி முதலில் போகும். கேசட் வந்தும் பாட்டு இல்லையென்றால் கடைசியில்தான். வேறு எந்தச் சிபாரிசும் செல்லாது. பஞ்சாயத்து மெம்பரின் மிளகாயே ஒருநாள் சாயங்காலம்வரை காத்துக் கிடந்தது. மெம்பர் வீட்டிலிருந்து யாரும் கல்ஃப் போகவில்லை.

ஒருமுறை கோட்டுகால் ஊரில் ஒரு வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டு மகன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, இப்போது தேவலை என்று கேசட்டில் சொல்லியிருந்தான். 'தேவலை'யை யாரும் கேட்கவில்லை, 'முறிந்தது' என்றதுமே ஒப்பாரி தொடங்கிவிட்டது. அதற்குள் 'கடக்'. அண்ணன் கையை உயர்த்தினார்.

"செத்த நேரம் சும்மா இரிங்கம்மா. அடிச்சத்தம் ஒண்ணு வருது, அது போயிட்டா பின்ன கிட்டாது."

நாங்கள் கால் முறியாமல் வீடு வந்து சேர்ந்தது கடவுள் கிருபை.

விமர்சனங்கள் 'மின்னிசை' என்ற தலைப்பில் வரும். பாட்டின் பேரும் தெரியாது, பாடியவன் பேரும் தெரியாது என்பதால் அண்ணனே பேர் வைத்துவிடுவார். 'மழைக்கு முந்திய தவளை', 'பாறசாலை கேட்டில் ரயிலுக்குக் காத்திருத்தல்', இப்படி. "இந்தப் பாட்டில் மனிதன் அழவில்லை, அவனுக்குப் பதிலாக ஒரு மிஷின் அழுகிறது, மிஷின் அழுதால் யார் துடைப்பார்?" என்று ஒரு தடவை எழுதியிருந்தார். நான் கடைசிக் கேள்வியை வெட்டினேன். அவர் எழுதிய ஒவ்வொன்றிலும் நான் எதையாவது வெட்டுவேன், திருத்துவேன். ஆசிரியர் என்றால் பின்னே என்ன?

அவருடைய நேர்மைக்கு ஒரே ஒரு சான்று சொன்னால் போதும். ஒரு பாட்டை 'ஆழ்கடல் துக்கம்' என்று பேரிட்டு இரண்டு பக்கம் உருகியிருந்தார். அடுத்த மாதம் அதே கேசட்டைப் பகல் வேளையில் கேட்க வாய்த்தது. பாட்டு துள்ளிக் குதித்தது. உடனே வந்து மறுப்பு எழுதித் தந்தார்: "சென்ற இதழில் நான் கண்ட துக்கம் வோல்டேஜ் குறைவால் ஏற்பட்டது. உண்மையில் இது கல்யாணப் பாட்டு. வாசகர்கள் மன்னிக்கவும்." வாசகர் என்று இருந்தது நான் ஒருவன்தான். மன்னித்தேன்.

இப்படி வால்களிலேயே வாழ்ந்த மனிதருக்கு ஒருநாள் ஒரு தலை கிடைத்தது.

என் பக்கத்து வீடு ரோசம்மா மாமியுடையது. மகன் ஞானதாஸ் கல்யாணமாகி மாசம் திரும்புவதற்குள் சார்ஜா போனவன். மருமகள் லில்லி மாமியோடு இருந்தாள். ஞானதாஸின் கேசட் வந்தது. முதல் பக்கம் முழுக்கப் பேசியிருந்தான். மறுபக்கத்தைத் தொடவே இல்லை. பக்கம் முழுக்க ஒரே பாட்டு, ஆதியிலிருந்து அந்தம்வரை! தொலைவில் ஒற்றை மணி போல ஒரு சத்தம் ஆரம்பித்தது, அதனடியில் இன்னொன்று மெல்லச் சேர்ந்தது. அண்ணன் கண்ணை மூடினார். ரோசம்மா மாமி மிஷினையே மூடினாள்.

"கரண்டு பில்லு உனக்க அப்பனா கெட்டுவான்?"

அன்று முதல் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. மில்லில் மிளகாய்க்குப் பிறகு மிஷினைத் துடைக்காமலே அரிசியைப் போட்டார். ஊரே சிவப்புப் புட்டுத் தின்று கண்ணீர் விட்டது. அதற்குள் தலையில் இடி போலச் செய்தி: லீவில் வந்திருந்த ஒருவன் வியாழக்கிழமை திரும்புகிறான், அதே கேசட்டில் பதில் பேசி அவன் கையில் கொடுத்தனுப்பப் போகிறார்கள். பேசினால் பாட்டு அழியும். அனுப்பினால் கேசட்டே போய்விடும்.

அண்ணன் மாமியின் காலில் விழாத குறை. கடைசியில் ஒப்பந்தமானது. வீட்டார் பேச்சை முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாமி திருப்புறம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் புதன்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டுக்காரனான என்னைக் காவலாக வைத்துக்கொண்டு அண்ணன் மறுபக்கத்தை முழுசாகக் கேட்டுக்கொள்ளலாம். பதிலுக்கு, மாமியின் மாவு எப்போதும் இரண்டு தடவை சலித்துத் தரப்படும்.

செவ்வாய்க்கிழமை வீட்டார் பேசினார்கள். அண்ணன் முதல் பக்கம் தாண்டாமலிருக்க மிஷின் பக்கத்தில் நின்று, "சுருக்கமா பறயுங்க, சுருக்கமா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். மாமி பசுவைப் பற்றிப் பேசினாள். ஞானதாஸின் மச்சினன்மார் பேசினார்கள். நான்கூடப் பேசினேன். கடைசியாக லில்லியை முன்னால் தள்ளினார்கள். சுற்றிலும் இத்தனை முகங்கள். "எனக்குச் சொகமாக்கும். அங்க சொகமா?" என்றாள். 'கடக்'. பக்கம் தீர்ந்தது.

புதன்கிழமை அண்ணன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். மாவு இல்லாமல் அவரைப் பார்த்தபோது யாரோ வேற்றாள் என்று நினைத்தேன். கோவிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கினார். ஒற்றை மணி. அடியில் இன்னொன்று.

அடுக்களை வாசலில் லில்லி வந்து நின்றாள்.

"அண்ணா, இந்தப் பக்கத்திலே கொஞ்சம் எடம் உண்டா?"

"இல்ல மக்களே," என்றார் கண்ணைத் திறக்காமல். "இது முழுக்கப் பாட்டாக்கும்."

"செரி அண்ணா," என்று அவள் திரும்பினாள்.

பாட்டு போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒரு சத்தம் சேர இருந்த நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார். அவர் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை, பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு வெளியே காட்டிக்கொள்ளாதவர் முகம். பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

"பிள்ளே, இங்க வா. அவன்கிட்ட என்ன பறயணும்?"

லில்லி தரையைப் பார்த்தாள். பிறகு, "அது அவருகிட்ட பறய உள்ளது அண்ணா" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது அண்ணா. ஒருநாளும் பறஞ்சது இல்லியே."

அண்ணன் கேசட்டைத் தொடக்கத்துக்கே ஓட்டினார். சுற்றி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சுவப்புப் பொத்தானையும் இதையும் சேத்து அமுக்கு. பேசிக்கோ. பக்கம் தீர்ந்தா அதுவே நிக்கும். அதுவரை நிறுத்தாண்டாம், கேட்டியா? முழுசும் உனக்காக்கும்." என் கையைப் பிடித்து வெளியே இழுத்து, கதவைச் சாத்தினார்.

முற்றத்துப் படியில் உட்கார்ந்தோம். உள்ளே மெல்லிய முணுமுணுப்பு. அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பத்து வீடு தள்ளி மிஷின் இருமினால் இன்ன வீட்டு மிஷின் என்று சொல்கிற காது அது!

அப்போதுதான் விதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தது. மாமி சீக்கிரமே திரும்பிவிட்டாள். "கதவு என்னத்துக்குலே சாத்தியிருக்கு?"

கரண்டைத் தவிர வேறெதையும் பேசியறியாத அண்ணன் எழுந்து நின்றார். "மாமி, கல்யாணச் சாப்பாடு ருசி கொள்ளாமா? போளி உண்டா?"

"போளியா? அதை ஏன் கேக்கிய!" என்று மாமி படியில் உட்கார்ந்துவிட்டாள். போளி கிழிந்தது, பாயசத்தில் முந்திரி முங்குநீச்சல் போட்டது, பப்படம் பெண் வீட்டார் மனசு போல நமத்துப்போனது எல்லாம் வந்தது. மாமி மூச்சு வாங்கும்போதெல்லாம் அண்ணன், "பழம் மட்டியா, பேயனா?" என்று அடுத்ததைக் கேட்டார். உள்ளே 'கடக்' என்று கேட்கும்வரை அவர் விடவில்லை. அதன் பிறகு மாமி அவரை விடவில்லை.

அந்த மாத 'மின்னிசை' இவ்வளவுதான்: "மறுபக்கப் பாட்டு. இதற்குப் பேர் வைக்கவில்லை. ஆரம்பம் மட்டும் கேட்டேன், மீதியைக் கேட்கவில்லை. நான் கேட்டவற்றில் இதுவே சிறந்தது." அவர் எழுதியதில் நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் பிரதியெடுத்தது அது ஒன்றைத்தான்.

சில மாதம் கழித்து ஞானதாஸிடமிருந்து இரண்டு கேசட் வந்தது. ஒன்று வீட்டுக்கு. மற்றொன்றின் மேல் லில்லி என்று எழுதியிருந்தது. மறுநாள் மில்லில் நானும் இருந்தேன். லில்லி அரிசிப் பாத்திரத்தோடு வரிசையின் கடைசியில் வந்து நின்றாள்.

"கேசட் வந்நா மக்களே?"

"வந்துது அண்ணா."

"பாட்டு உண்டா?"

லில்லி தலை குனிந்துகொண்டாள். "இல்ல அண்ணா. ரெண்டு பக்கமும் அவரே பேசிட்டாரு. ஒரு துளி எடம் விடல்ல."

அண்ணன் மாவு அப்பிய முகத்தோடு சிரித்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டிக் கையை நீட்டி, அவள் பாத்திரத்தை வாங்கி முதலில் போட்டார்.