மானுக்கு நட்ட அப்பிள் மரம்

கோபத்தை நெடுநாள் மனதில் வைத்திருந்தால் உடம்புக்குக் கூடாது என்று எங்கள் ஸ்காபரோ டொக்டர் சொல்கிறார். அவருக்கு மச்சான் யாரும் இல்லைப் போலிருக்கிறது.

எனக்கு இருக்கிறான். பெயர் சிறி, மனைவியின் தம்பி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் ஒரே பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். எங்கள் சூப்பர்வைசர் டேவுக்கு நகரத்துக்கு வடக்கே ஒரு காட்டுக்காணி இருந்தது.

"அத்தான், டேவ் காணியில அப்பிள் கண்டு நடப்போறார். மானுக்காம். போய் உதவி செய்வம், எங்களில நல்ல எண்ணம் வரும்" என்றான் சிறி.

மானுக்குப் பழமரம் நடுகிற மனிதர்! என் மனைவி உருகிப் போனாள். "போன பிறப்பில உந்த மனிசன் எங்கட ஆளாத்தான் இருந்திருக்கும்" என்று விபூதியும் கற்பூரமும் கட்டித் தந்தாள். (நானும் வாங்கிக்கொண்டு போனேன். பட்டதாரி!)

முதற்கன்றுக்கு விபூதி பூசிக் கற்பூரம் கொளுத்தினேன். டேவ் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றார். காணியோரத்தில் ஏணியோடு ஒரு பரண் தெரிந்தது. மான் பார்ப்பதற்காக்கும் என்று நினைத்தேன். சரிதான், மான் பார்ப்பதற்குத்தான்.

கூட வந்த என் ஆறு வயது மகள் மது, தான் நட்ட கன்றுக்குச் 'சீனி' என்று பெயர் வைத்தாள். நவம்பரில் குளிர் தொடங்கியதும் அழுகையும் தொடங்கியது. சீனிக்குக் குளிருமாம். அம்மாவின் பழைய சிவப்பு சுவெற்றரைக் கட்டிவிட வேண்டுமாம். டேவிடம் கேட்க வேண்டாமா என்று சிறியைக் கேட்டேன்.

"மரம் நட்டவைக்கு என்ன கேள்வி? சும்மா போங்கோ அத்தான்."

நானும் மதுவும் போனோம். மதுவுக்கு மண்ணிறக் கோட், வெள்ளைக் கம்பளித் தொப்பி. நான் காரில் கயிறு எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவள் சுவெற்றரோடு கன்றருகே போய்க் குனிந்திருந்தாள்.

பரணிலிருந்து ஓர் அலறல். டேவ்! உடம்பு முழுக்க, ஆளை மானென்று சுட்டுவிடாமலிருக்க வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் உடுப்பு, கையில் துவக்கு. ஏணியால் விழுந்தடித்து இறங்கி வந்தார். வேட்டைக்காலத்தில் பிள்ளைக்கு மான் நிறத்தில் உடுப்புப் போட்டு, மான் வால் போல வெள்ளைத் தொப்பியும் வைத்து, மான் தேடி வரவென்றே நட்ட மரத்தடியில் விட்டிருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று கத்தினார். அவருடைய விரல் விசையில் இருந்ததாம். சுவெற்றரின் சிவப்புக் கை காற்றில் ஆடியதால்தான் நிறுத்தினாராம்.

நானும் கத்தினேன். கொல்வதற்கா நட்டாய் என்று ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தேன். (முடித்த சொற்களை இங்கே எழுத முடியாது.) மதுவைத் தூக்கிக்கொண்டு கார்வரை ஓடினேன்.

நேரே சிறியிடம் போனேன்.

"அவன் வேட்டைக்காரனெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாமலே? எனக்கு ஒரு மான் தொடை தாறனெண்டவர்."

"அப்ப ஏன்ரா சொல்லேல்லை?"

"அக்கா கற்பூரமெல்லாம் கட்டித் தந்தவ அத்தான். எப்பிடிச் சொல்லுறது?"

மதுவுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஒவ்வொரு குளிர்காலமும் அவளுக்குச் செம்மஞ்சள் ஜக்கெற்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சிறி, "அத்தான், ஸ்காபரோ பிளாசாவில என்ன வேட்டை?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

போன கிழமை கடையில் விற்பனைப் பெண் என்ன நிறம் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் மது, "ஒறேஞ்ச். ப்ளீஸ், டோன்ட் ஆஸ்க்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, மாமாவுக்கு பிறவுண் ஒண்டு வாங்குவமா?"

"வெள்ளைத் தொப்பியும் எடு" என்றேன்.